எதிர்மேட்டில் வெள்ளைத் துண்டு

காலணியைக் கழற்றி ஒரு பாறைக்குப் பின்னால் வைத்துவிட்டு, தடித்த கம்பளிக் காலுறையோடு சரிவில் உட்கார்ந்தபடியே இறங்கிக்கொண்டிருந்தேன். கையில் வில். எனக்குக் கீழே ஒரு பெரிய பாறையின் நிழலில் ஆண்மான் ஒன்று படுத்திருந்தது. மான் தெரியவில்லை. பாறைக்கு மேலே அதன் கொம்பு நுனிகள் மட்டும் தெரிந்தன. அது அசைபோடும்போது கொம்பும் லேசாக ஆடியது.

அமெரிக்காவில், கொலராடோ மலையில், மரம் முளைப்பதே நின்றுபோகிற உயரத்துக்கும் மேலே இருக்கும் ஒரு பள்ளம் அது. புல்லும் கல்லும் தவிர வேறொன்றும் கிடையாது. வெயில் முதுகில் சுட்டது, காற்று முகத்தில் குளிர்ந்தது. காலுறைக்குள் ஒரு முள் ஏறியிருந்தது. அதை எடுக்கக் குனிந்தால் கல் உருளும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

இனி நான் செய்ய வேண்டியதெல்லாம் அசையாமல் காத்திருப்பதுதான். ஆனால் தலையைத் திருப்பி, பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மேட்டைப் பார்த்தேன். அங்கே ஒரு வெள்ளைத் துண்டு தெரிய வேண்டும். எத்தனையோ வருஷமாகத் தெரிந்த துண்டு. அன்று வெறும் கல்தான் தெரிந்தது.

துண்டுக்காரர் என் கணவர். அவர் இறந்த பிறகு வந்த முதல் வேட்டைக்காலம் அது.

அண்ணாச்சியின் எச்சரிக்கை

இந்தத் தொடரில் மலை ஊர்க் கதையை எழுத ஆரம்பித்ததிலிருந்து தூத்துக்குடிப் பக்கம் முத்தையாபுரத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் ஒரு தினுசாகத்தான் பார்க்கிறார்கள். காய்கறிக் கடை அண்ணாச்சி தராசை அப்படியே நிறுத்திவிட்டு, "நெசமாவே மான் அடிச்சியளாக்கா? இங்கன வல்லநாட்டுப் பக்கம் போயிராதீய. புடிச்சு உள்ள போட்டுருவாவ" என்றார். கத்தரிக்காயை மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே போட்டார்.

அவர் சொன்னது சரிதான். வல்லநாட்டில் இருப்பது மான் சரணாலயம். இங்கே மானை அடித்தால் குற்றம். அங்கே உரிமம் வாங்காமல் அடித்தாலும் குற்றம், அடித்த மானின் கறியை வீணாக்கினாலும் குற்றம். குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் உரிமம். விழாத வருஷம் தொலைநோக்கியோடு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நாங்கள் அப்படியும் போயிருக்கிறோம்.

நர்ஸாக இருந்துகொண்டு எப்படி மனம் வந்தது என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நிற்கும்போது அவருக்கு வருகிற அதே மனம்தான் அம்மா. என்ன, நான் என் வரிசையில் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றேன்.

வடத்தில் தொங்கிய நாற்காலிகள்

என் கணவர் என் மாமா மகன். அதனால் கல்யாணத்துக்கு முன்பும் அத்தான், பின்பும் அத்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்த்தவர். எனக்கு அந்த மலை ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது, கட்டிய துணியும் ஒரு பெட்டி ஸ்பானருமாகக் கூடவே கிளம்பிவிட்டார்.

அங்கே பனியில் சறுக்கி விளையாட வருகிறவர்களை, கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலிகளில் உட்கார வைத்து மலைமேல் ஏற்றுவார்கள். அந்த வடத்தையும் சக்கரங்களையும் பார்த்துக்கொள்ளும் வேலை அத்தானுக்குக் கிடைத்தது. "ஊர்ல கப்பலுக்குச் சரக்கு ஏத்துனேன். இங்கன மலைக்கு மனுசன ஏத்துதேன். ரெண்டும் எடைதான்" என்பார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த ஊரில் தமிழ் பேச எங்கள் இருவரைத் தவிர வேறு நாதியும் இல்லை. பனிக்காலத்தில் ஜன்னல் பாதிவரை மூடிவிடும். சண்டை போட்டால்கூட ஆற்றுவதற்கு ஆள் வராது, நாங்களேதான் ஆறிக்கொள்ள வேண்டும்.

உடன் வேலை பார்த்த ஒருவர் அத்தானுக்கு வில் பழக்கினார். அத்தான் எனக்குப் பழக்கினார். வேடிக்கை என்னவென்றால் வில் எனக்குத்தான் வாய்த்தது. அவருடைய அம்பு குறிக்கு வைத்த வைக்கோல் கட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தைத்தது, பக்கத்து வீட்டுக்காரரின் தபால் பெட்டி உட்பட. ஆனால் அவருக்குக் கண் இருந்தது. கிரேன் உச்சியில் வடம் ஒரு இழை பிரிந்திருந்தால் தரையிலிருந்தே சொல்லிவிடுகிற கண். ஆகவே பங்கு பிரித்துக்கொண்டோம். அவர் பார்ப்பார், நான் போவேன்.

படுக்கும்வரை பார், படுத்தபின் போ

"மானைத் தேடிப் போவக் கூடாதுளா. அது எங்கன போயிப் படுக்குன்னு பாத்துட்டு, அதுக்கப்புறந்தான் நாம போவணும்." முதல் வருஷமே அத்தான் இதைச் சொல்லிவிட்டார். எல்லா நாளும் இதே வரிசையில்தான் போகும்.

விடியும்முன் மேட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவோம். முக்காலியில் தொலைநோக்கியைப் பொருத்தி, பள்ளத்தைத் துண்டு துண்டாக, வயலுக்குப் பாத்தி கட்டுவதுபோல, அத்தான் பார்த்துக்கொண்டே போவார். கழுதைக் காது மாதிரி பெரிய காது அந்த மானுக்கு. காது ஆடினால் கண்டுகொள்வார். அதுவரை நான் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பேன்.

வெயில் சரிவைத் தொட்டதும் மேய்ச்சல் முடிந்து மான்கள் படுக்கும். புதிதாக வருகிறவர்கள் அப்போதே வில்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். அத்தான் என் கையைப் பிடித்து உட்கார வைப்பார். கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறி, படுத்த இடம் சுடும். மான் எழுந்து, சோம்பல் முறித்து, நல்ல நிழலாகப் பார்த்து மறுபடி படுக்கும். அந்த இரண்டாவது படுக்கைதான் நிலையானது. அது படுத்த பிறகுதான் நான் கிளம்புவேன்.

அதற்குள் காற்றும் திரும்பியிருக்கும். காலையில் மலைக்காற்று கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே ஏறும். ஆகவே மானுக்கு மேற்புறம் சுற்றிப் போய், மேலிருந்து இறங்க வேண்டும். பழைய கண்சொட்டு மருந்துக் குப்பியில் அரிசி மாவு வைத்திருப்போம். அழுத்தினால் மாவு பறக்கிற திசை காற்றின் திசை. அந்த மாதம் முழுக்கத் தலைக்கு எண்ணெய் கிடையாது. ஒருமுறை நான் மறந்துபோய்த் தேய்த்துவிட்டேன். "ஏளா, மான் மூக்குக்கு நீ ஆளில்ல, செக்கே நடந்து வாரது மாதிரில்லா இருக்கும்" என்று அன்றைக்கு என்னை மேட்டிலேயே உட்கார வைத்துவிட்டார்.

கயிறு பிடிக்கிறவர்

நான் சரிவில் இறங்கிவிட்டால் எனக்கு மான் தெரியாது. எதிர்மேட்டில் இருக்கிற அத்தானுக்குத்தான் தெரியும். சத்தம் போட முடியாது. அதற்குத்தான் வெள்ளைத் துண்டு. ஊரிலிருந்து கொண்டுபோன சாதாரணத் தேங்காய்ப்பூத் துண்டு.

துண்டு அவர் தலையில் இருந்தால் மான் படுத்தே இருக்கிறது. வலது கையில் தொங்கினால் நான் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், இடது கையில் தொங்கினால் இடப்பக்கம். மடித்துத் தோளில் போட்டுவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், திரும்பி வா. என் பக்கமிருந்து ஒரே ஒரு சைகை. மான் விழுந்துவிட்டால் நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குவேன். அவர் உடனே பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பள்ளத்தைக் கடந்து வருவார். வந்து சேரச் சுணங்கும். அதுவரை நான் மானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். வந்ததும் முதலில் தேநீர், பிறகுதான் கத்தி.

எங்கள் கரையில் முத்துக் குளித்த காலத்தில், கடலுக்குள் இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிக்க மனைவியின் உடன்பிறந்தவனைத்தான் படகில் வைப்பார்களாம். அக்காளோ தங்கச்சியோ தாலி இழந்துவிடக் கூடாதே என்று கைக்கயிற்றை விட்டுக் கவனம் நகராதாம். அத்தான் இதைச் சொல்லி என் தம்பி செல்வினைக் கேலி செய்வார். "ஏலே செல்வினு, எனக்குக் கயிறு புடிக்க நீ வராம போயிட்டே. இங்கன உங்க அக்காளுக்கு நாந்தாமுலே புடிக்கேன்" என்று போனில் சிரிப்பார்.

ஒரு பனிக்காலக் காலையில், வேலைக்குக் கிளம்பும்போது, ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நான் நர்ஸ். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அந்தத் தரையில் மண்டியிட்டுச் செய்து பார்த்தேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

தம்பியிடம் சொன்ன சொல்

அடக்கம் முடிந்ததிலிருந்து செல்வின் தினமும் போன் போட்டான். "அங்கன தனியா என்னக்கா செய்யுதே? ஊருக்கு வா. மாடி வீடு சும்மாதான கெடக்கு" என்பான்.

எனக்கு வீம்பு. அத்தான் இல்லாவிட்டால் அந்த ஊரில் ஒருநாள்கூடத் தாங்கமாட்டேன் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்ட மாதிரி இருந்தது. நானும் அப்படித்தான் பயந்தேன். அதனால்தான் வீம்பும் கூடியது. அந்த வருஷக் குலுக்கலில் என் பெயர் விழுந்த அன்று அவனிடம் சொன்னேன்.

"இந்தத் தடவ தனியா ஒரு மான் அடிச்சிட்டேன்னா இங்கனயே இருந்துருவேன். முடியலன்னா வாரேன். போதுமா?"

"மானக் கேட்டா முடிவு பண்ணுதே?" என்றான்.

"ஆமாலே."

அவன் போனை வைத்துவிட்டான். எனக்கு அது விளையாட்டுப் பேச்சு இல்லை. மலையில் ஒரு நாளை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை தனியாகக் கொண்டுசெலுத்த முடிந்தால், மிச்ச நாட்களையும் செலுத்திவிடலாம் என்றுதான் நம்பினேன்.

கடற்கரைக்காரியின் தப்பு

முதலில் வாய்த்த மானைக் காற்றிலே விட்டேன்.

எல்லாம் அத்தான் சொன்னபடி செய்திருந்தேன். இரண்டாவது படுக்கைவரை பொறுத்தேன். மேலே சுற்றி இறங்கினேன். மாவு என் முகத்துக்கே திரும்பி வந்தது. மான் எழுந்திருக்கத்தான் நேரமானது. மதியம் போனது, வெயில் சாய்ந்தது. எனக்குப் பதற்றமே இல்லை. சூரியன் இன்னும் நன்றாக வானத்தில் இருந்தது. இருட்டும்வரை காற்று இப்படியே அடிக்கும் என்று என் உடம்பு சொன்னது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, தூத்துக்குடியில் பிறந்தவர்களுக்குத் தெரியும். மத்தியானம் கிளம்புகிற கடல்காற்று விளக்கு வைத்த பிறகும் நிற்காது. மொட்டைமாடித் துணி ராத்திரிச் சாப்பாட்டு நேரத்திலும் அதே பக்கம்தான் பறக்கும்.

மலைக்கு விளக்கு வைக்கிற கணக்கு கிடையாது. பின்னால் இருந்த முகட்டின் நிழல் நான் இருந்த சரிவில் விழுந்ததுதான் தாமதம், பிடரி சில்லென்றது. காற்று கீழ்நோக்கித் திரும்பி என் வாடையை மானிடம் கொண்டுபோயிருந்தது. மாவைப் பார்க்கத் தோன்றவே இல்லை. கீழே மான் ஒரே துள்ளலில் எழுந்தது, என்னை ஒருமுறை பார்த்தது, நான்கு காலையும் ஒன்றாக ஊன்றி எம்பி எம்பிப் போயே விட்டது.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. சாயங்காலம் அத்தான் துண்டை மடித்துத் தோளில் போடும்போதெல்லாம், வீட்டுக்குப் போக அவசரப்படுகிறார் என்று அவரைத் திட்டியிருக்கிறேன். அவர் எனக்கு முன்னால் நிழலைப் பார்த்திருக்கிறார். அவரும் கடற்கரைக்காரர்தான். ஆனால் வடத்தில் தொங்கும் வெறும் நாற்காலிகள் சாயங்காலம் எந்தப் பக்கம் ஆடும் என்று நாள்தோறும் பார்த்தவர். ஏன் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கூடாரத்துக்குத் திரும்பும்போது அவரைச் சத்தமாகவே திட்டினேன். "சொல்லித் தொலஞ்சிருக்கலாம்லா?" பள்ளம் அதைத் திருப்பிக்கூடச் சொல்லவில்லை.

கொம்பு எழுந்தது

ஆரம்பத்தில் சொன்ன சரிவு அதற்கு அடுத்து வந்த ஒரு நாள். வேட்டைக்காலம் முடியும் தறுவாய். இது தப்பினால் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

எதிர்மேட்டில் துண்டு இல்லை என்று பார்த்துவிட்டேன். திரும்பவும் பார்த்தேன். வெட்கம் கெட்ட கழுத்து அது, சொன்னால் கேட்கவில்லை. பிறகு அதைப் பிடித்து வைத்ததுபோல நிறுத்தி, கொம்பு நுனிகளை மட்டும் பார்த்தேன். அசைபோடுவது நின்றது. மறுபடி தொடங்கியது. பாறை நிழல் குறுகி மானின் முதுகில் வெயில் பட்டிருக்க வேண்டும். கொம்பு மெல்ல உயர்ந்தது.

மான் எழுந்து, எனக்கு முதுகைக் காட்டி, பின்னங்கால் ஒன்றை நீட்டிச் சோம்பல் முறித்தது. தலை பாறைக்குப் பின்னால் மறைந்த நேரம் நாணை இழுத்தேன். அது ஓரடி எடுத்து வைத்துப் பக்கவாட்டில் நின்றபோது விட்டேன். சத்தம் பெரிதாக இல்லை. மான் சரளைக்கல் ஓரம்வரை ஓடி, நின்று, முன்னங்கால் மடிந்து விழுந்தது. அதிகம் வலிக்கவில்லை என்றுதான் நம்புகிறேன். அதை நம்பித்தான் ஆக வேண்டும்.

காத்திருந்தேன். அசையவில்லை என்று தெரிந்ததும் எழுந்து நின்று, எதிர்மேட்டைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

யோசித்துச் செய்ததில்லை. கைகள் தாமாகவே போயின. போன பிறகு இறக்க முடியவில்லை. இறக்கினால் அவர் பார்க்காமல் போய்விடுவார் என்று தோன்றியது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. தோள் கடுத்தது, விரல் மரத்தது, அப்படியே நின்றேன். மேட்டில் மேக நிழல் ஒன்று வந்து போனது. பிறகு அந்தச் சரிவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அடக்கத்தின்போது வராத அழுகை.

முதுகுப் பையைத் திறந்தால், பிளாஸ்க்கில் இருவருக்கான தேநீர் இருந்தது. அதிகாலையில் பழக்கத்தில் போட்டிருக்கிறேன். ஒரு டம்ளர் குடித்துவிட்டுக் கத்தியை எடுத்தேன். கறியைத் துணிப்பைகளில் கட்டி, நடை நடையாகத் தனியாகவே இறக்கினேன். வீட்டுக்கு வந்து, அத்தான் செய்கிற மாதிரியே உப்புக்கண்டம் போட்டேன். எல்லாம் சரியாக வந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

செல்வினுக்குப் போன் போட்டேன். "அடிச்சிட்டேன்லே."

"அப்ப நீ வரமாட்டே" என்றான்.

"வாரேன்" என்றேன்.

தனியாக முடியுமா என்றுதான் நான் மானைக் கேட்டிருந்தேன். முடிந்தது. முடிந்ததைச் சொல்ல ஆள் வேண்டும் என்பதை நான் கேட்கவே இல்லை, அது தானாகத் தெரிந்துபோனது.

மொட்டைமாடி

ஊருக்கு வந்ததும் தனிமை போய்விட்டது என்று எழுதினால் பொய். முத்தையாபுரத்தில் பஸ் சத்தம் உண்டு, கோயில் மணி உண்டு, விசாரிக்க ஆள் உண்டு. ஆனால் துண்டின் பாஷை தெரிந்தவர் யாரும் கிடையாது. அந்த மலையில் நாங்கள் இருவரும் வாயைத் திறக்காமல் அவ்வளவு பேசியிருக்கிறோம்.

விடியற்காலையில் எழும் பழக்கம் மட்டும் விடவில்லை. அத்தானின் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். உப்பளம் பளபளவென்று கிடக்கும். பாத்தி பாத்தியாகப் பார்த்துக்கொண்டே போவேன். கொக்கு, நாரை, உப்பு வாருகிறவர்கள், தூரத்தில் அனல்மின் நிலையப் புகை. செல்வினுக்கு அந்த உப்பளத்தில்தான் சூப்பர்வைசர் வேலை. அவன் பைக் வரப்பில் ஊர்ந்து போவது தெரியும். அவனுக்கு நான் பார்ப்பது தெரியாது.

போன வாரம் ஒருநாள் காலை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வின் பைக்கை நிறுத்திவிட்டு, குவித்துவைத்த உப்பு மேட்டில் ஏறி, யாருக்கோ கை காட்டிக்கொண்டிருந்தான். வெயிலுக்குத் தலையில் ஒரு வெள்ளைத் துண்டு போட்டிருந்தான்.

தொலைநோக்கி கழுத்தில் தொங்க, என் இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விட்டது.

அவன் பார்த்துவிட்டான். வரப்பில் புழுதி கிளம்பியது. மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்து நின்றான், மூச்சு வாங்கியது.

"என்னக்கா? என்ன ஆச்சு? வீட்டுக்குள்ள எவனும் வந்துட்டானா?"

"ஒண்ணுமில்லலே. சும்மா."

"சும்மாவா? ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்கே, நான் ஈரக்கொல நடுங்கி வாரேன், சும்மாங்கே!"

பிளாஸ்க்கில் தேநீர் இருந்தது. ஊற்றிக் கொடுத்தேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குடித்தான். பாதி குடித்த பிறகுதான் நான் சொன்னேன். "மான் விழுந்தா அப்படித் தூக்குவேன். அத்தான் எதிர்மேட்டுலருந்து எறங்கி வருவாவ. டீ கொண்டாருவாவ."

அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "தனியா அடிச்சியே, அன்னைக்கு?"

"அன்னைக்கும் தூக்குனேன். ரொம்ப நேரம் தூக்கிக்கிட்டே நின்னேன்லே. யாரும் வரல."

கீழே ரோட்டில் உப்பு லாரி ஹார்ன் அடித்தது, அவனைத் தேடித்தான். மறுபடியும் அடித்தது. செல்வின் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டம்ளரை என் பக்கம் நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா" என்றான்.